சவரக் கல்லும் மைக்ரான் கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் லண்டனில் நல்ல சவரக்கல் கேட்டுப் போனவருக்குக் கடைக்காரர் எடுத்துக் காட்டியது 'ஜெர்மன் கல்'. மேலே மஞ்சள், கீழே கருநீலம். சார்ல்ஸ் ஹோல்ட்சாஃபெல் எழுதிய பெரும் கைத்தொழில் நூலின் மூன்றாம் தொகுதி, அவர் இறந்த பிறகு 1850-இல் வெளிவந்தது. தேய்ப்புப் பொருள்களைப் பற்றிய அந்தத் தொகுதி இந்தக் கல்லைப் பார்த்துப் பார்த்து விவரிக்கிறது. நீலப் பலகைப் பாறைக்குள் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் மஞ்சள் படிவு அது. சில இடங்களில் அதன் கனம் ஓர் அங்குலத்துக்கு மேல் இராது. மெல்லிய வில்லைகளாக அறுத்து, உடையாமலிருக்க அடியில் பலகைக்கல் ஒட்டி விற்பார்கள். படிவின் அடியாழத்திலிருந்து எடுத்ததே உயர்ந்தது. அதைப் 'பழம்பாறை' என்று விற்றார்கள். ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க் பக்கம் கிடைப்பதாக அந்த நூல் சொன்னாலும், விவரம் அப்படியே பொருந்துவது பெல்ஜியத்தின் ஆர்டென் மலைக்காட்டில், வியெல்சால்ம் என்ற சிற்றூரைச் சுற்றி வெட்டியெடுத்த கோட்டிக்யூல் கல்லுக்குத்தான்.

இன்று அதே மஞ்சள் கல்லை வாங்க நினைப்பவர் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது என்று கேட்பதில்லை. "எத்தனை கிரிட்?" என்று கேட்கிறார். விற்பவரும் தயாராக ஓர் எண் வைத்திருக்கிறார்: மஞ்சளுக்கு 8000, ஒட்டியிருக்கும் நீலத்துக்கு 4000. அன்று ஆழம், இன்று எண். இரண்டும் ஒரே கேள்விக்குச் சொன்ன விடைகள்தாம்: இந்தக் கல்லில் தீட்டிய கத்தி கன்னத்தில் எரிச்சல் இல்லாமல் போகுமா?

கோட்டிக்யூலில் வேலை செய்பவை அதற்குள் இருக்கும் கார்னெட் படிகங்கள். ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த, மாங்கனீசு மிகுந்த சேறு பிற்பாடு மலையெழுச்சியின் அழுத்தத்திலும் வெப்பத்திலும் மாறியபோது விளைந்தவை. மென்மையான அபிரகத் துகள்களுக்கு நடுவே 5 முதல் 15 மைக்ரான் பருமனில் நெருக்கமாக நிற்கின்றன. அக்கம்பக்கத்து நீலக்கல்லிலும் கார்னெட் உண்டு, ஆனால் குறைவு. அதன் நிறம் இரும்பால் வந்தது. மஞ்சள் படிவுகளோ மிகவும் ஒடுங்கியவை. ஒரு கைக்கல்லுக்கு வேண்டிய மஞ்சளை எடுக்க எத்தனையோ மடங்கு பலகைப்பாறையைத் தோண்டி ஒதுக்க வேண்டும்.

சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் ஒவ்வொரு படிவுக்கும் பெயர் வைத்திருந்தார்கள். லா வெனெட், லா க்ரிஸ், லா த்ரெசான்ட், லா க்ரோஸ் ப்ளான்ஷ் என்று அந்த வரிசை நீளும். ஒன்று சீக்கிரம் கரைந்து குழம்பு விடும். இன்னொன்று இறுகி நின்று மெதுவாக வெட்டும். கல்லின் நைசைப் பற்றிக் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்த விடை படிவின் பெயர்தான். 1980-ஐ ஒட்டிப் பழைய சுரங்கத் தொழில் நின்றுபோனது. இன்று பழங்கல் சேகரிப்பவர்கள், வில்லையின் ஓரத்தில் தெரியும் கோடுகளையும், மஞ்சளும் நீலமும் சேரும் இடத்தின் நெளிவையும் புகைப்படத்தில் பெரிதாக்கிப் பார்த்து, இது வெனெட்டா, த்ரெசான்ட்டா என்று வாதிடுகிறார்கள். இறங்கிப் பார்த்துச் சொல்ல வேண்டிய சுரங்கம் மூடிக் கிடக்கிறது.

சுரங்கத்திலிருந்து கடைக்கும், கடையிலிருந்து முடிதிருத்துபவரின் பைக்கும் கல் போய்ச் சேரும்போது படிவின் பெயர் உதிர்ந்துவிடும். அவர் கைக்கு வந்தது ஐந்து முதல் ஏழு அங்குல நீளமும் ஒன்றரை அங்குலத்துக்குள் அகலமும் உள்ள ஒரு துண்டு. அது போதும் அவருக்கு. சவரக்கத்தியின் முதுகையும் வாயையும் ஒருசேரக் கல்லில் படுக்கவைத்துத் தள்ளினால், கோணத்தை முதுகின் கனமே பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு சவரத்துக்கும் முன் தோல்வாரில் இழுப்பு. கத்தி தாடியில் இழுபடத் தொடங்கும் நாளில் மட்டும் கல்லில் சில தள்ளல். கத்தியைக் கெடவிட்டுப் பிறகு மீட்கும் வேலையே அவருக்கு இல்லை. ஆகையால் அவருடைய கல் முரட்டு வேலை எதுவும் தெரியாத கல்லாக இருந்தாலும் குறையில்லை.

அது நைசா இல்லையா என்பதை அவர் கத்தியின் வாயைக் கொண்டுதான் கணித்தார். ஈரக் கட்டைவிரல் நகத்தின்மேல் வாயை எடையில்லாமல் இழுத்துப் பார்ப்பது பழைய வழக்கம். வழுக்கிப் போனால் மழுங்கல். நறநறத்தால் பல் விழுந்திருக்கிறது. வெண்ணெயில் இறங்குவதுபோல ஒரே சீராகப் பிடித்து நகர்ந்தால் சரி. கட்டைவிரல் சதையில் தொட்டுப் பார்ப்பவர்களும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலான சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. வாடிக்கையாளர் கண்ணைச் சுருக்கினாரா, மறுவாரம் வந்தாரா என்பதிலேயே கல்லின் தரம் தெரிந்துவிடும்.

எண் இல்லாமலே கல்லை அடையாளம் காணும் பழக்கம் எவ்வளவு பழையது என்பதற்கு ரோமானியர் பிளினியே சாட்சி. முதலாம் நூற்றாண்டில் அவர் தொகுத்த இயற்கை வரலாற்றின் 36-ஆம் நூலில் தீட்டுக்கற்களை எதைக்கொண்டு நனைப்பது என்பதை வைத்து வகைப்படுத்துகிறார். கிரீட் தீவுக் கல் எண்ணெய்க்கு, நாக்ஸோஸ் கல் தண்ணீருக்கு, இரண்டுக்கும் ஒத்துவருவது சிலிசியக் கல். நான்காவது வகை, முடிதிருத்தும் கடைகளில் உமிழ்நீர் தொட்டுப் பயன்படுத்துவது. நைசுக்கு அளவோ எண்ணோ அந்தப் பக்கத்தில் இல்லை. ஊரும் ஈரமும்தான் அடையாளம். உமிழ்நீர்க் கல்லை இன்று எந்தக் கடையிலாவது எடுத்து வைத்தால் வாடிக்கையாளர் துண்டோடு எழுந்து ஓடிவிடுவார்.

ஜெர்மனியின் தூரிங்கியா பகுதியில் அடையாளம் காகிதத்தில் வந்தது. சோனபெர்க் ஊரின் எஷர் நிறுவனம் தன் கற்களில் ஒட்டிய சீட்டில் நிறத்தை அச்சிட்டது: மஞ்சள்பச்சை, வெளிர்பச்சை, நீலப்பச்சை, கருநீலம். மஞ்சள்பச்சையே உயர்ந்தது என்ற நம்பிக்கை பரவியது; இன்றும் ஏலங்களில் அதற்குத்தான் போட்டி. சீட்டு உரிந்துபோன கல் அதே பாறையில் பிறந்திருந்தாலும் விலை சரிந்துவிடுகிறது.

ஜப்பானின் கியோட்டோ நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். நகரின் வடமேற்கு மலைகளில் நருட்டாகி, நாக்கயாமா முதலிய சுரங்கங்கள் நூற்றாண்டுக் கணக்காக முடிப்புக்கற்களைத் தந்தன. வாள் மெருகேற்றுவதையும் வாளின் மதிப்பைக் கணிப்பதையும் குலத்தொழிலாகக் கொண்ட ஹொன்னாமி குடும்பத்தின் பெயரோடு அந்தக் கற்களின் பெயரும் சேர்ந்தே வரும். அங்கே சவரத்துக்கு உகந்த கல் மிகவும் கடினமானது, தானாகக் குழம்பு விடாதது. அதன்மேல் தேய்க்க ஐச்சி மாவட்டத்து மிக்காவா பகுதியிலிருந்து வந்த வெள்ளைக் கற்கள் நான்கு: போத்தான், தெஞ்சோ, மெஜிரோ, கோமா. முதலாவது முரடு, பின்னதாகப் போகப்போக நைசு. அடிக்கல் ஒன்றுதான்; மேலே தேய்க்கும் கல்லை மாற்றி மாற்றி முடிதிருத்துபவர் நைசில் படியேறினார். கல் எப்படிப்பட்டது என்பதை, அதன் முகத்தில் நீர் எவ்வளவு நேரம் நிற்கிறது, கத்தியை எவ்வளவு ஒட்டிப் பிடிக்கிறது, குழம்பு எத்தனை விரைவில் கறுக்கிறது என்பவற்றைக் கொண்டு அறிந்தார்கள்.

அன்று கை, இன்று கருவி என்று கோடு போட வருபவருக்கு இங்கே ஒரு சிக்கல் உண்டு. நிகாட்டா மாவட்டத்துச் சஞ்சோ ஊரைச் சேர்ந்த இவாசாக்கி கோசுக்கே, தோக்கியோ பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படித்துவிட்டுச் சவரக்கத்தி செய்ய வந்தவர். கத்தியின் வாயை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத்தான் கற்களைப் பற்றி முடிவுக்கு வந்தார். சுரங்கங்கள் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே நுண்ணோக்கி வந்துவிட்டது. நாக்கயாமா சுரங்கம் 1967-இல் மூடப்பட்டது. இன்று அங்கிருந்து வந்ததாகச் சொல்லி விற்கும் கல்லுக்கு விற்பவரே கடினத்துக்கு ஓர் எண், நைசுக்கு ஓர் எண் போட்டுக் கொடுக்கிறார். ஒரு கடையின் ஐந்தும் அடுத்த கடையின் ஐந்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

எண் எங்கிருந்து வந்தது? 1891-இல் எட்வர்ட் அச்செசன் மின்னுலையில் சிலிக்கன் கார்பைடைச் செய்து காட்டினார். தேய்ப்புத் துகள்களைத் தொழிற்சாலையிலேயே ஆக்க முடிந்ததும் அவற்றைப் பருமன்வாரியாகப் பிரிப்பதும் தொழிற்சாலை வேலையானது. கிரிட் எண் என்பது தொடக்கத்தில் சல்லடைக் கணக்கு: ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண் என்பது. சில நூறுக்கு மேல் அப்படிச் சல்லடை பின்ன முடியாது. அதற்கப்பால் துகள்களை நீரில் விட்டு எவ்வளவு வேகத்தில் அடியில் படிகின்றன என்று பார்த்தோ, மின்தடையை அளந்தோ பருமனைக் கண்டு எண் கொடுக்கிறார்கள். ஜப்பானியத் தர அளவின்படி 1000 என்றால் சராசரி 11.5 மைக்ரான், 4000 என்றால் 3, 8000 என்றால் 1.2. ஆனால் ஐரோப்பிய உப்புத்தாள் அளவில் அதே 1000 என்பது 18.3 மைக்ரான். ஐரோப்பிய நுண்துகள் அளவில் அதே 1000 என்பது 4.5 மைக்ரான். ஒரே எண்ணுக்கு மூன்று பருமன். எண்தான் துல்லியம் என்று நினைப்பவர்கள் இந்த மூன்றையும் ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

தொழிற்சாலைக் கல்லுக்கு இந்த எண் நேர்மையானது. உள்ளே போட்ட துகளின் பருமன் தெரியும், அதை எழுதுகிறார்கள். அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு இயற்கைக் கல்லிடம் போகும்போதுதான் கணக்கு இடிக்கிறது. கோட்டிக்யூலின் கார்னெட் 5 முதல் 15 மைக்ரான். பருமன் ஒன்றையே பார்த்தால், ஜப்பானிய அளவில் அது சுமார் 800 முதல் 2500 வரையிலான கல். கத்தியின் கூர்முகத்தைக் கட்டுவதற்கான முரட்டுக் கல். ஆனால் அதில் முடித்த கத்தியால் மனிதர்கள் நூற்றாண்டுக் கணக்காகச் சுகமாகச் சவரம் செய்திருக்கிறார்கள். காரணம் படிகத்தின் வடிவில் இருக்கிறது. கார்னெட் பெரும்பாலும் பன்னிரண்டு முகங்கள் கொண்ட உருவில் விளைகிறது; அடுத்தடுத்த முகங்கள் 120 பாகை விரிகோணத்தில் சேர்கின்றன. உடைத்துச் செய்த சிலிக்கன் கார்பைடு துகளுக்கு இருப்பது போன்ற கூரிய முனை அதற்கு இல்லை. பருமன் பெரிது, பள்ளம் ஆழமற்றது. போதாக்குறைக்கு அது கல்லுக்குள் பாதி புதைந்து நிற்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தலை மட்டுமே எஃகைத் தொடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கலாம். என் மேசைமேல் இருக்கும் மஞ்சள் கல்லை நனைத்து, அதே பாறையின் சிறு துண்டால் தேய்த்தால் வெண்குழம்பு எழும்புகிறது. அதில் கத்தியைத் தள்ளத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே குழம்பு சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். அது எஃகின் தூள். இந்த நிலையில் கல் வேகமாக வெட்டுகிறது. நூறு மடங்கு பெருக்கும் சிறிய நுண்ணோக்கியின் கீழ் கூர்முகம் பனி படர்ந்த கண்ணாடியாக மங்கித் தெரியும். வாயின் விளிம்போ நேர்க்கோடாக இருப்பதில்லை. குழம்புக்குள் மிதக்கும் கார்னெட்டுகள் எதிரே வரும் வாயில் மோதி அதை இலேசாக மழுக்கிக்கொண்டே இருக்கின்றன. இப்போது விரல்நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் எடுத்துக் கல்லில் விட வேண்டும். மறுபடியும் சில தள்ளல், மறுபடியும் ஒரு சொட்டு. குழம்பு நீர்க்க நீர்க்கக் கத்தி கல்லைப் பிடிக்கும் விதம் மாறுகிறது. சரசரப்பு அடங்கி வழவழப்பு ஏறுகிறது. கடைசியில் வெறும் தண்ணீரில் தள்ளும்போது மங்கல் விலகிக் கீறல்கள் மெலிந்து, விளிம்பு ஒரே கோடாகிவிடும்.

கல் மாறவில்லை, நீரின் அளவுதான் மாறியது. இந்தக் கல்லுக்கு எந்த எண்ணைப் போடுவது? கெட்டிக் குழம்பில் ஓர் எண், வெறும் நீரில் ஓர் எண் என்று போட்டால் அதாவது நியாயம். 8000 என்பது அந்தப் பயணத்தின் முடிவை மட்டும் சொல்கிறது. அதுவும் தீட்டுபவரின் கை சரியாக இருந்தால்.

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் வேறு வழியைக் கண்டுபிடித்தார்கள். ஹாட் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றியுள்ள மலைகளில் கிடைக்கும் நோவாகுலைட் ஏறக்குறைய முழுவதும் குவார்ட்ஸ். துகளின் பருமனை வைத்து அதன் வகைகளைப் பிரிப்பதில் பயனில்லை. படிகங்கள் எவ்வளவு இறுக்கமாக அடைந்திருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. பழைய கடைக்காரர் நிறத்தையும் ஒளி ஊடுருவுவதையும் பார்த்து 'சாஃப்ட்', 'ஹார்ட்', 'டிரான்ஸ்லூசென்ட்' என்று பிரித்தார். இன்றைய உற்பத்தியாளர் ஒப்படர்த்தி எண்ணையும் துணைக்கு வைத்துக்கொள்கிறார். சாஃப்ட் கல்லுக்கு அது சுமார் 2.2, டிரான்ஸ்லூசென்ட் கல்லுக்கு 2.5-க்கு மேல். இயற்கைக் கற்களுக்குப் பொருத்தப்பட்ட அளவைகளில் என் மதிப்பில் இதுவே நேர்மையானது. ஏனென்றால் இது கல்லுக்குள் உண்மையாக இருக்கும் ஒன்றை அளக்கிறது. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. இந்தக் கடினக் கல்லின் முகத்தை முரட்டுத் தூளால் சமப்படுத்தினால் முரடாக வெட்டும். பல ஆண்டு தீட்டிப் பளபளத்த முகமானால் வெட்டுவதை விட்டுவிட்டு மெருகு போடத் தொடங்கிவிடும். தாத்தாவின் கல் பேரனின் புதுக் கல்லைவிட நைசாக இருப்பதற்குப் பாதிக் காரணம் தாத்தா.

கல்லின் தேவை போன கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஜில்லெட் நிறுவனம் 1901-இல் தொடங்கியது. அதன் பாதுகாப்பு ரேசருக்கு 1904-இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கையில் அது லட்சக்கணக்கில் போய்ச் சேர்ந்தது. ஊர் திரும்பியவர்கள் கல்லைத் தேடவில்லை. முடிதிருத்தும் கடைகளில் மட்டும் மடக்குக்கத்தி பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. நம் ஊர் சலூன்களில் அதை முடித்துவைத்தது ஓர் அச்சம். இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த விழிப்புணர்வுப் பிரசாரத்தில், எல்லாருக்கும் ஒரே கத்தி என்பது போய், ஆளுக்கொரு புது பிளேடு என்ற நிலை வந்தது. பிளேடைக் காகிதத்தோடு இரண்டாக ஒடித்துப் பாதியைச் செருகும் கத்தியில் தீட்டுவதற்கு எதுவுமில்லை. இழந்ததை நினைத்து ஏங்குவதற்கு முன், இதனால் எத்தனை பேருக்கு நோய் தொற்றாமல் போனது என்பதையும் நினைக்க வேண்டும்.

தேவை போன பிறகுதான் நைசைப் பற்றிய கேள்வி தீவிரமானது. அன்று ஒரு முடிதிருத்துபவரிடம் இருந்தது ஒரு கல். அதைவிட நல்ல கல் உண்டா என்று ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு வழியும் இல்லை, வேளையும் இல்லை. இன்று ஆர்வத்துக்காகத் தீட்டுபவரிடம் அலமாரி நிறையக் கற்கள். பெல்ஜியத்தையும் கியோட்டோவையும் ஒரே மாலையில் ஒப்பிடுகிறார். நகத்தில் இழுத்துப் பார்த்த இடத்தில், ஒற்றை மயிரைத் தொங்கவிட்டு வாயில் தொடுகிறார். துண்டாகிச் சத்தமில்லாமல் விழுந்தால் வெற்றி. ஆனால் மயிரின் கனமோ ஆளுக்கு ஆள் 50 முதல் 100 மைக்ரான்வரை மாறும். மெல்லிய மயிருக்கு ஒரு கத்தி தோற்கும், முரட்டு மயிருக்கு அதே கத்தி வெல்லும். அன்றையவருக்கு நாளெல்லாம் வெவ்வேறு முகங்கள், ஒரே கல். இன்றையவருக்கு வெவ்வேறு கற்கள், ஒரே முகம்.

இன்றைய கல்லிடம் அதிக வேலையும் எதிர்பார்க்கிறோம். சந்தையிலிருந்து வரும் ஐம்பது, நூறு ஆண்டுப் பழைய ஜெர்மன் சோலிங்கன் கத்தி துருவோடும் பல் விழுந்த வாயோடும் வருகிறது. அன்றைய சிறு துண்டு அதன் முன் ஒன்றும் செய்யாது. எட்டு அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் உள்ள தொழிற்சாலைக் கல்லில் 1000-இல் தொடங்கி 8000-இல் முடிப்பதுதான் புதியவருக்குச் சரியான வழி. உடைந்தால் அதே கல் மறுபடியும் கிடைக்கும். அடுத்தவர் சொன்ன குறிப்பு நம் கல்லுக்கும் பொருந்தும். பழைய தொழிலாளிக்கு இந்த வசதி கனவிலும் கிடைத்ததில்லை. அவர் கல் கீழே விழுந்து உடைந்தால் அந்தக் கல்லோடு பழகிய கைப்பக்குவமும் பாதி போனது போலத்தான்.

வியெல்சால்மை அடுத்த சால்ம்ஷாட்டோவின் பழைய கல்லறுப்புப் பட்டறை இன்று கோட்டிக்யூல் அருங்காட்சியகம். சுற்றுவட்டாரத்தில் 1990-களின் இறுதியில் மறுபடியும் மஞ்சள் கல்லை எடுக்கத் தொடங்கினார்கள். இம்முறை சுரங்கத்துக்குள் இறங்காமல், திறந்த குழியில். வாங்குகிறவர்களில் சமையல்காரர்களும் தச்சர்களும் உண்டு. கடை வைத்திருக்கும் முடிதிருத்துபவர்கள்தாம் அரிது. கல்லை 'செலக்ட்', 'ஸ்டாண்டர்ட்' என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். அந்தப் பிரிவு பெரும்பாலும் தோற்றத்தைப் பற்றியது. கோடும் புள்ளியும் இல்லாமல் சீரான நிறத்தில் இருப்பது செலக்ட். வெட்டும் திறனில் ஸ்டாண்டர்ட் அதற்குச் சளைத்ததல்ல. படிவின் பெயர் தெரிந்தால் சொல்கிறார்கள், கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு வகைக்கும், எல்லாப் படிவுக்கும், விளம்பரத்தில் எழுதும் எண் ஒன்றுதான்: 8000.